கோட்டில் கூலி, பழுகாமத்தில் முதலாளி

என் புருசன் ஒரு நாட்கூலித் தொழிலாளி என்று எழுதி அவர் பக்கம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த மறுமொழிக் காகிதத்தை முதல் தரம் வாசித்தபோது நான் சிரித்த சிரிப்பில், சட்டத்தரணி வதனியின் அலுவலகப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் சிரிப்புத்தான் வரும். அது பிறவிக் குணம்.

"சதீசன், களுதாவளை. தாயாரின் மீன்வாடியில் நாளாந்தக் கூலிக்கு வேலை செய்பவர். சொத்து எதுவுமில்லை. மனைவிக்குத் தாபரிப்புப் பணம் கொடுக்க வசதியில்லை."

வாடி தாயார் கண்ணகையின் பெயரில் இருந்தது உண்மைதான். இரண்டு கூலர் லொறிகளும் அவர் பெயரில்தான். ஆனால் மாமி வாடிப் பக்கம் வந்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. நாவற்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாவிக்கரையில் இருந்தது அந்த வாடி. விடிய முன்னம் தோணிகள் வந்து சேரும்போது தராசுக்கு முன்னால் நின்றது நான். பன்னிரண்டு வருசம். இறாலைத் தரம் பிரித்து, நிறுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, கொழும்பு லொறியை அனுப்பிவிட்டுத்தான் முகம் கழுவுவேன். சம்பளமா? கட்டின புருசனிடம் யார் சம்பளம் கேட்பது? கடைசியில் விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்து, இனி ஐசையும் இறாலையும் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வாடிக்கு நான் உதவாத ஆள். ஆறு மாதம் போகவில்லை, சதீசன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு களுதாவளைக்குத் தாயிடம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதியிருக்கும். அதனால் பிரிவு வந்தால் பையைத் தூக்குவது ஆண், கதவைச் சாத்துவது பெண். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. "வீடு வாசல் உன்னிடம் இருக்கே, பின்ன என்ன தாபரிப்பு?" என்று ஊரே கேட்கும். சதீசன் பக்கத்து ஆட்கள் கேட்டால் பரவாயில்லை, என் கூடப்பிறந்த அண்ணனும் அதையே கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வதனி அக்காதான் என்னைப் பிடித்து உலுப்பினார்.

"வீடு ஆர் தந்த, அஜந்தா?"

"அப்பா."

"அப்ப சதீசன் என்ன தந்தவர்?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு தங்கக் காப்பு. காப்பு இரண்டும் லொறி வாங்கும்போது அடகுக்குப் போய் அங்கேயே மூழ்கிப் போயின.

"வீடு நிழல் தரும் புள்ள, சோறு தராது," என்றார். பிறகு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். விவாகப் பிரிவுத் தீர்ப்புக் கொடுக்கும்போது மாவட்ட நீதிமன்றம் ஒரு பக்கம் மறு பக்கத்தைத் தாபரிக்க வேண்டுமென்று கட்டளையிடலாம். ஒரே தொகையாகவும் கொடுக்கலாம், மாதம் மாதமும் கொடுக்கலாம், பொருளாக, காணியாக எழுதிக் கொடுக்கவும் சொல்லலாம். இருவருடைய வசதியையும் பார்ப்பார்கள், யார் எப்படி நடந்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். நிலைமை மாறினால் பிறகு மாற்றிக் கேட்கவும் வழியிருக்கிறது.

"இன்னொண்டு, பொம்பிளைக்கு மட்டும் எண்டும் சட்டமில்ல. நீ வசதியா இருந்து அவர் ஏலாதவரா இருந்தா, அவரும் உன்னட்டக் கேக்கலாம்."

"கேப்பார் அக்கா, கேக்கக்கூடிய ஆள்தான்!" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய எனக்கு அழுகை வந்தது. "எண்டாலும் இது பிச்சை எடுக்கிற மாதிரித்தானே? போனவனிட்டக் கையேந்திறதா?"

"பன்னிரண்டு வருசம் ரெண்டு பேரும் சேந்து ஒரு வண்டிய இழுத்தீங்க. இப்ப வண்டியோட அவர் போயிட்டார். உன்ட பங்கக் கேக்கிற பிச்சையா?"

அந்த வார்த்தை என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. அன்றே வழக்குக் காகிதத்தில் கையெழுத்து வைத்தேன்.

எனக்குப் பணம் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். வாடியில் ஐஸ் அறை மெசின் நின்றுபோகும்போதெல்லாம் திருத்துகிறவர் வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் இறால் நாறிவிடும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, சின்னப் பழுதுகளை நானே திருத்தப் பழகியிருந்தேன். குளிரூட்டி திருத்தும் பயிற்சிக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் விண்ணப்பித்தேன். ஒன்றரை வருசப் படிப்பு, பகல் முழுக்க. நேர்முகத்துக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். முப்பத்துநாலு வயது வேறு. எடுத்துக்கொண்டார்கள்! கடிதத்தைப் பார்த்து வீட்டுக்குள் தனியாகத் துள்ளினேன். ஆனால் ஒன்றரை வருசம் உழைக்காமல் என்னத்தைத் தின்பது? தாபரிப்புக் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் யாருடைய கடையிலாவது நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான். என் கணக்கு அவ்வளவுதான்.

அதற்குள்தான் இந்த நாட்கூலிக் கதை வந்து விழுந்தது.

வருசப் பிறப்பு முடிந்த கிழமை என் சிநேகிதி மேனுகா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். களுதாவளையில் ஒரு விளையாட்டுப் போட்டிப் பதாகை. முழுநீளத்தில் சதீசன், வெள்ளை வேட்டி, கையில் பெரிய மணிக்கூடு. கீழே கொட்டை எழுத்தில்: "வெற்றிக் கிண்ணம் அன்பளிப்பு: பிரபல தொழிலதிபர், கடலுணவு வர்த்தகர், கொடைவள்ளல் சதீசன் அவர்கள்." அதை எடுத்துக்கொண்டு வதனி அக்காவிடம் பறந்தேன்.

அக்கா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பதாகையில எவரும் என்னவும் போடலாம். பெடியன்மார் பகிடிக்கு அடிச்ச எண்டு சொல்லிப் போட்டுப் போவார். காகிதத்தில எல்லாம் தாய்ட பேரில இரிக்கி. அவர்ட வாயால வராட்டி எங்களுக்குக் கஷ்டம்தான்."

வாயால் வருமா? கூலி என்று சொன்னால் லாபம் என்றிருக்கும்போது, முதலாளி என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்?

வழக்குத் தவணைக்கு ஒரு கிழமை முன்னால் சதீசனே ஒரு செய்தி அனுப்பினார். தாபரிப்பை வாபஸ் வாங்கினால் தான் ஒன்றும் எதிர்க்கமாட்டாராம், அன்றைக்கே பத்து நிமிசத்தில் காரியம் முடியுமாம், இரண்டு பேருக்கும் மானம் மிஞ்சுமாம். அவருக்கு அவசரம். பழுகாமத்தில் ஒரு சம்பந்தம் பேசுகிறார் என்று காதில் விழுந்திருந்தது. நான் "யோசிக்கிறன்" என்று ஒற்றைச் சொல் அனுப்பினேன். அவரோடு வாழ்ந்த காலத்தில் நான் யோசிக்கிறேன் என்று சொன்னால் சரி என்றுதான் அர்த்தம். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டார் மனிசன்.

தவணை நாள். கோட்டு வாசலில் நின்றேன், மேனுகாவும் அண்ணனும் கூட வந்திருந்தார்கள். பயமா சந்தோசமா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றது. சதீசன் இறங்கினார். இறங்கி ஓடிப் போய் மற்றக் கதவைத் திறந்து, குடையை விரித்து, ஒரு பெரியவரை மெல்ல இறக்கினார். தோளில் சால்வை, வெயிலில் கறுத்த முகம், வயலில் நின்ற கால்கள். "பாத்து மாமா, படி இரிக்கி," என்றார். சோடா வாங்கிக் கொடுத்தார். மூடியைத் தானே திறந்தும் கொடுத்தார். பன்னிரண்டு வருசத்தில் என் அப்பாவுக்கு ஒரு தண்ணீர்க் கோப்பை எடுத்துக் கொடுக்காத கை அது.

மேனுகா விசாரித்துக்கொண்டு வந்தாள். "நல்லரத்தினம் எண்டு பேராம். பழுகாமம். மகளுக்கு வீடு கட்டி முடிச்சிற்றாராம், வட்டையில அஞ்சு ஏக்கர் வயலும் எழுதப் போறாராம். பிரிவுத் தீர்ப்பக் கண்ணால காணாம நாள் வைக்கமாட்டன் எண்டு சொல்லித்தான் கூட வந்திரிக்காராம்."

எனக்குள் ஏதோ பட்டென்று வெளித்தது. வதனி அக்காவின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன்.

"அக்கா, அவரிட்ட வருமானம் கேக்காதீங்க. லொறி கேக்காதீங்க. நீ கூலிக்காரன்தானே எண்டு மட்டும் கேளுங்க. திருப்பித் திருப்பிக் கேளுங்க."

"ஏன்?"

"அந்தா, அந்தப் பெரியவருக்கு முன்னால அவரால ஓம் எண்டு சொல்லேலாது. சத்தியமாச் சொல்றன். எனக்குத் தெரியும் அக்கா, அந்த மனிசன எனக்குத் தெரியும்!"

அக்கா பெரியவரைப் பார்த்தார். சதீசனைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

வழக்குக் கூப்பிட்டார்கள். முதலில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அவர் விட்டுப் போனதைச் சொன்னேன், வாடியைச் சொன்னேன், தராசைச் சொன்னேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன். தாபரிப்பு வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொன்னபோது சதீசன் தன் சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்து நிமிசக் காரியம் என்று வந்தவருக்குப் பகீரென்றிருக்கும்.

பிறகு அவர் ஏறினார். அவருடைய சட்டத்தரணியே முதல் கேள்வியைக் கேட்டார். பாவம், பார்வையாளர் வாங்கில் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

"நீங்க உங்கட தாயார்ட வாடியில நாளாந்தக் கூலிக்கு வேலை செய்றீங்க. சரிதானே?"

"ம்."

"சத்தமாச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"ஓம்," என்றது ஒரு குரல். அது அவருடைய குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பின் வாங்கில் நல்லரத்தினம் ஐயா காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

வதனி அக்கா எழும்பினார். ஆறுதலாக, சுகம் விசாரிக்கிற மாதிரித் தொடங்கினார்.

"கூலி வேலை எண்டா, ஐஸ் பெட்டி தூக்கிறதா?"

"அப்படியில்ல."

"வாடி கழுவிறதா?"

"அதுக்குப் பெடியன்மார் இரிக்கிறாங்க."

"அப்ப அந்தப் பெடியன்மாரோட ஒரு ஆளா நிண்டு, பின்னேரம் அம்மாட்டக் கூலி வாங்கிறீங்க?"

சதீசனின் கழுத்து சிவந்தது. எனக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். யாராவது வியாபாரி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற சிவப்பு. கூப்பிடுவதென்றால் முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும்.

பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. நல்லரத்தினம் ஐயா எழும்பி, ஒவ்வொரு வாங்காகப் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்கு வந்து அமர்ந்தார். "ஆருக்குக் கூலி?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வயலில் வரம்புக்கு வரம்பு பேசிப் பழகின குரல், கோட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. கோட்டு அலுவலரான முதலியார் விரலை வாயில் வைத்து அடக்கினார்.

"சொல்லுங்க, கூலிக்காரன்தானே நீங்க?"

சதீசன் சட்டைக் கொலரை இழுத்துவிட்டார்.

"சரி, விடுங்க. கடைசியா ஒண்டு. உங்கள நம்பி ஒரு பொம்பிளை குடும்பம் நடத்தேலாது. அப்படித்தான் மறுமொழியில எழுதியிரிக்கீங்க. அது உண்மைதானே?"

அவருடைய சட்டத்தரணி ஆட்சேபிக்க எழும்பினார். நீதிபதி கையைக் காட்டினார். "பதில் சொல்லட்டும்."

மேனுகா என் தொடையை நுள்ளிப் பிடித்திருந்தாள், அந்த நீலம் நாலு நாள் இருந்தது. சதீசன் நீதிபதியைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். அங்கே பெரியவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"ஆர் சொன்ன ஏலாதெண்டு?" வெடித்தார் மனிசன். "ரெண்டு கூலர் லொறி ஓடுது! கிழமைக்கு மூண்டு நடை கொழும்புக்குப் போகுது! பதினொரு பேர் என்ட சொல்லுக்குத்தான் நிக்கிறாங்க! அம்மாட பேர் காகிதத்தில. உழைக்கிறவன் நான்! நான் ஆருக்கும் கூலிக்காரன் இல்ல!"

நல்லரத்தினம் ஐயா திருப்தியாகத் தலையை ஆட்டினார். சதீசனின் சட்டத்தரணி நெற்றியில் கையை வைத்தார். எனக்கு எழும்பி நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உழைக்கிறவன் நான் என்றாரே, அது சுருக்கென்று குத்தியது. அந்த உழைப்பில் என் பெயர் இல்லை.

"அப்ப மறுமொழியில இரிக்கிறது என்ன?" என்று நீதிபதி கேட்டார். சதீசனின் சட்டத்தரணி எழும்பி அரைமணி நேர அவகாசம் கேட்டார், இணக்கமாகப் பேசி முடிக்கலாம் என்று.

விறாந்தையில் பேச்சு நடந்தது. முதலில் ஒரே தொகையாக ஒரு சின்னத் தொகையைச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போகலாம், ஒரேயடியாக முடியும் என்று என் அண்ணனும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். படிப்பு ஒன்றரை வருசம், வேலை பிடிக்க ஆறு மாதம், ஆக இரண்டு வருசத்துக்கு மாதம் மாதம் வேண்டும் என்றேன். அதோடு வாடியில் பழுதாய்க் கிடக்கிற பெரிய பிரீசரும் வேண்டும், கழற்றிப் பூட்டிப் பழக. சதீசனின் சட்டத்தரணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

"இன்னொண்டும் எழுத வேணும்," என்றேன். "வழக்காளி பன்னிரண்டு வருசம் அந்த வாடியில உழைச்சதக் கருத்தில கொண்டு எண்டு."

"அது தேவையில்லாத வசனம். பணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் அவர்.

"அந்த வசனம் இல்லாட்டி எனக்குப் பணமும் வேணாம். உள்ளுக்குப் போவம், வழக்க நடத்துவம்."

வதனி அக்காவே ஒரு கணம் திகைத்துப் போனார். சதீசன் முற்றத்தைப் பார்த்தார். அங்கே வாகை மர நிழலில் மாமனார் ஆகப் போகிறவர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "எழுதிக் குடுங்க, எழுதிக் குடுங்க," என்றார் சதீசன் கையை வீசி. "என்னவாவது எழுதிக் குடுங்க."

நீதிபதி அதை வாசித்தார். இணக்கம் பதிவாகியது, பிரிவுக்கும் தீர்ப்பாகியது, மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றான இறுதித் தீர்ப்பாகும் என்றார். என் பெயர், வாடி, பன்னிரண்டு வருசம், உழைப்பு. எல்லாம் ஒரே வசனத்தில். நான் அழவில்லை. அவ்வளவு சந்தோசம்! நாளைக்கே கல்லூரியில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது, கையில் ஒரு திருப்புளி கிடைத்தால் கோட்டு மின்விசிறியையே கழற்றிப் பூட்டியிருப்பேன்.

வெளியே வந்தபோது நல்லரத்தினம் ஐயா எனக்காகக் காத்து நின்றார். சதீசன் வாகனத்தை எடுக்கப் போயிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"புள்ள, தாபரிப்பு எண்டு வாசிச்சாங்களே. அதக் கலியாணத்துக்கு முதலே எழுதி வாங்கேலாதா?"

"அப்படி வழக்கமில்ல ஐயா," என்றார் வதனி அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. "நீ சொன்னதெல்லாம் நான் கேட்டனான். எனக்கு ஒரே ஒரு மகள். என்னோட வயலுக்கு வந்தா அவள் நான் சொல்லாமலே வேலை செய்வாள், அப்படியான புள்ள. நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு முகம் சொல்லுது. சொல்லு, ஆள் எப்படி?"

பழி வாங்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தேன். சொல்லாமலே வேலை செய்கிற பெண்.

"நல்லா உழைப்பார் ஐயா. குடி, சூது ஒண்டுமில்ல. ஆனா பக்கத்தில நிண்டு கூட உழைக்கிற ஆள் அவர்ட கண்ணுக்குத் தெரியாது."

வாகனம் வந்து நின்றது. சதீசன் குடையோடு இறங்கி ஓடி வந்து கதவைத் திறந்து பிடித்தார். நல்லரத்தினம் ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திறந்த கதவைத் தாண்டி, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். "மாமா! மாமா, வெயில்!" என்று சதீசன் குடையோடு பின்னால் ஓடினார். பெரியவர் திரும்பாமலே, "மூண்டு மாசம் இரிக்கெண்டு சொன்னாங்க மனே, எனக்கும் அந்த மூண்டு மாசம் வேணும்," என்றார்.

மேனுகா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் இருந்தால்தானே வரும். பன்னிரண்டு வருசமாக என்னை யார் கேட்டாலும், "அவர் என்னை நல்லா வச்சிரிக்கார்" என்றுதான் சொல்லி வந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைப் பற்றி ஒரு மனிசனிடம் ஒரு பொய்யும் கலக்காமல் பேசினேன்.